தோட்டாப் பஞ்சம்

‘பஞ்சம்’ என்கிற வார்த்தையை விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்பாள் என் பாட்டி. அவளுடைய பாட்டி 1876-ல் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் தப்பிப் பிழைத்தவள். வீட்டில் சர்க்கரை தீர்ந்து போய், யாராவது வாய் தவறி, “சர்க்கரைப் பஞ்சம்” என்று சொல்லிவிட்டால் போதும். பாட்டிக்குக் கோபம் வந்துவிடும். “தீர்ந்து போச்சுன்னு சொல்லு. பஞ்சம்னு சொல்லாதே. பஞ்சம்னா என்னன்னு உனக்குத் தெரியாது” என்பாள்.

அந்தப் பாட்டியின் பேரன், அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, “தோட்டாப் பஞ்சம், மாமா! ஊர் பூராவும் சுற்றிவிட்டேன், கைத்துப்பாக்கிக்கு ஒரு தோட்டா கிடைக்கவில்லை!” என்று மாப்பிள்ளை வாயால் கேட்க நேர்ந்தது.

அது பஞ்சம் அல்ல என்று அன்றைக்குச் சொன்னேன், இன்றைக்கும் சொல்லுகிறேன். அந்த நிலைமைக்குப் பரிகாரமாக அங்கே இரண்டு உபாயங்கள் சொல்லுகிறார்கள். ஒன்று, மலிவான தோட்டா எந்தக் கடையில் கிடைக்கும் என்று தேடி அலைவது. மற்றொன்று, சுட்டு முடித்த காலிக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, வீட்டிலேயே மருந்து நிரப்பி மறுபடியும் தோட்டாவாக்கிக்கொள்வது. இரண்டில் எது சிலாக்கியம் என்று அங்கே ஓயாத வாதம் நடக்கிறது. வியாதி இன்னதென்று தெரிந்துகொள்ளாமல் மருந்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள் இரண்டு கட்சிக்காரர்களும். இது என் கட்சி.

நான் 2020 பிப்ரவரியில் மகள் வீட்டுக்குப் போனேன். மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்று உத்தேசம். மார்ச்சில் கொரோனா வந்து விமானங்கள் நின்றுவிட்டன. பிறகு விமானம் கிடைத்தபோது மகள் என்னை அனுப்பவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டேன்.

மாப்பிள்ளை பரம சாது. குளியலறையில் சிலந்தி இருந்தால் அதைக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய்த் தோட்டத்தில் விட்டுவிட்டு வருகிறவர். அந்த வருஷம் மே மாதக் கடைசியில், மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பரைப் போலீஸ்காரர் ஒருவர் கழுத்தில் முழங்காலை ஊன்றிக் கொன்றார். நாடெங்கும் ஊர்வலங்கள், சில இடங்களில் தீவைப்பு. ராத்திரி பகலாக டெலிவிஷனில் அதையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, ஜூன் மாதத்தில் ஒரு நாள் கையில் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். உள்ளே 9 மில்லிமீட்டர் பிஸ்டல். கூடவே 50 தோட்டா கொண்ட டப்பா ஒன்று.

“எதற்கு மாப்பிள்ளை இது?” என்றேன்.

“ஒரு பாதுகாப்புக்குத்தான் மாமா. எதற்கும் இருக்கட்டும்.”

‘எதற்கும் இருக்கட்டும்.’ வாசகர்கள் இந்த இரண்டு வார்த்தைகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் இவற்றைப் பற்றியதுதான்.

மாப்பிள்ளையை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால் எஃப்.பி.ஐ. விசாரணை ஒன்று உண்டு. 2019-ல் அப்படி நடந்த விசாரணைகள் 2 கோடியே 83 லட்சம். 2020-ல் 3 கோடியே 96 லட்சத்துக்கு மேல். ஒரு விசாரணைக்கு ஒரு துப்பாக்கி என்று கணக்கில்லைதான். ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று தெரிந்துகொள்ள இது போதும். அந்த ஒரே வருஷத்தில் புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர்கள், அதாவது அதற்கு முன் துப்பாக்கியே இல்லாதவர்கள், 84 லட்சம் பேர் என்று துப்பாக்கி வியாபாரிகளின் சங்கமே மதிப்பிட்டுச் சொல்லியது. அந்த 84 லட்சத்தில் எங்கள் மாப்பிள்ளையும் ஒருவர்.

ஐம்பது தோட்டா எந்த மூலைக்கு? பழகிப் பார்க்கவே இருநூறு முந்நூறு வேண்டும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து தேடல் ஆரம்பமாயிற்று. சனிக்கிழமைதோறும் மாப்பிள்ளை காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பொழுது போகாமல் நானும் சில தடவை கூடப் போனேன். விளையாட்டுச் சாமான் கடை, விவசாயச் சாமான் கடை, அடகுக் கடை, தூண்டிலும் புழுவும் விற்கிற கடை, எங்கே போனாலும் தோட்டா அலமாரி காலி. விலைச் சீட்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். கடைக்கு லாரி வருகிற நாளைத் தெரிந்து வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே மடக்கு நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊரில் மண்ணெண்ணெய்க்கு டின்னை வரிசை வைத்துவிட்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் அன்று ராத்திரி அடுப்பெரிய வேண்டும். இவர்கள் வீட்டில் அன்று ராத்திரி என்ன எரியப் போகிறது?

ஒரு நாள் எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவருக்கு ஒரு டப்பா கிடைத்தது. வெளியே வந்து பக்கத்திலிருந்தவரிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “இந்த அளவுத் துப்பாக்கி என்னிடம் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கிவிட்டேன்.” அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் என் காதில் அது சுத்தமான தமிழாக விழுந்தது.

விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதற்கு முந்தைய வருஷம் 50 கொண்ட டப்பா சுமார் 10 டாலர். தோட்டாவுக்கு 20 சென்ட். 2020 கடைசியில் அதே தோட்டாவுக்கு 70, 80 சென்ட் கேட்டார்கள். ஒரு டாலர் கொடுத்தவர்களும் உண்டு.

தோட்டாவெல்லாம் எங்கே போயிற்று? வரிசையில் நின்றவர்களிடம் இதற்கு இரண்டு விடை தயாராக இருந்தது. அரசாங்கம் வாங்கிப் பதுக்குகிறது என்பது ஒன்று. கம்பெனிக்காரர்கள் விலை ஏறட்டும் என்று ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது மற்றொன்று.

முதல் விடை பழைய பாட்டு. 2008-ல் ஒபாமா ஜெயித்ததும் ஒரு முறை அலமாரிகள் காலியாயின. 2012 டிசம்பரில் நியூடவுன் என்ற ஊரில் ஒரு பாவி பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். அதைக் கேட்டு நாடே அழுதது வாஸ்தவம். அழுத கையோடு, ‘இனிமேல் சட்டம் வந்துவிடும்’ என்று பயந்து கடைகளை வழித்துத் துடைத்ததும் வாஸ்தவம். சிறுவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கிற .22 தோட்டா, தோட்டாக்களிலேயே அற்பமானது, வருஷக்கணக்கில் சரியாகக் கிடைக்கவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகா 160 கோடி தோட்டா வாங்கப் போகிறது, அதனால்தான் நமக்கு இல்லை என்று 2013-ல் வதந்தி கிளம்பியது. அமெரிக்கப் பார்லிமெண்டின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து 2014 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அந்த இலாகா வாங்குகிற தோட்டா 2009-க்குப் பிறகு குறைந்து வந்திருக்கிறதே தவிரக் கூடவில்லை என்று அதில் கண்டது. அறிக்கையை யார் படிக்கிறார்கள்? வதந்திக்குத்தான் ஆயிரம் கால்.

இரண்டாவது விடையில் கால்வாசி கூட உண்மை இல்லை. 2016 தேர்தலில் டிரம்ப் ஜெயித்ததும் சட்டம் வரும் என்ற பயம் போயிற்று. பயம் போனதும் வியாபாரம் படுத்துவிட்டது. 1816-லிருந்து இருந்துவந்த ரெமிங்டன் கம்பெனி 2018 மார்ச்சில் மஞ்சள் கடிதாசு கொடுத்தது. 2020 ஜூலையில், ஊரே தோட்டாவுக்கு அலைந்துகொண்டிருந்தபோது, இரண்டாவது முறையாகவும் கொடுத்தது! அதன் தோட்டாத் தொழிற்சாலை 8 கோடியே 14 லட்சம் டாலருக்கு விஸ்டா அவுட்டோர் என்ற கம்பெனியின் கைக்கு மாறியது. ஜனங்கள் பயந்தால் கொழுக்கவும், தெளிந்தால் திவாலாகவும் செய்கிற தொழில் இது. இதில் எந்த முதலாளி இரண்டு வருஷப் பயத்தை நம்பிப் புதிய தொழிற்சாலை கட்டுவான்? இருக்கிற யந்திரங்களை ராப்பகலாக ஓட்டுவான். அதைத்தான் செய்தார்கள்.

உண்மையான விடைக்குக் கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும். புதிதாகத் துப்பாக்கி வாங்கிய 84 லட்சம் பேரும் ஆளுக்கு இரண்டே இரண்டு டப்பா வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 84 கோடித் தோட்டா அங்கேயே தீர்ந்தது. இது புதியவர்கள் கணக்கு. ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருந்த கோடிக்கணக்கான பழையவர்கள், மாதத்துக்கு ஒரு டப்பா வாங்கியவர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று பத்து டப்பா வாங்கினார்கள். தோட்டா எங்கேயும் போகவில்லை. கடை அலமாரியிலிருந்து வீட்டு அலமாரிக்குப் போயிற்று. களஞ்சியம் நிரம்பி வழியும்போது அதற்குப் பஞ்சம் என்று பெயர் வைத்த தேசம் வேறெங்காவது உண்டா என்பதுதான் என் கேள்வி.

டிசம்பர் வாக்கில் மாப்பிள்ளை அலைந்து அலுத்துவிட்டார். ஒரு நாள் சாப்பிடும்போது, “நாமே செய்துகொள்ள வேண்டியதுதான் மாமா. ஒரு யந்திரம் வாங்கிவிட்டால் யார் தயவும் வேண்டாம். பாதி விலைக்கு ஆகும்” என்றார். சுயதேவைப் பூர்த்தி, சுதந்திரம் என்றெல்லாம் அவர் பேசியதைக் கேட்டபோது ராட்டையைப் பற்றிப் பேசுகிறாரோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் ஒரு கிழவர் இருந்தார். இரும்புப் பட்டறையில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷமாகத் தம்முடைய தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்கிறவர். ஏரிக் கரையில் காம்ப் பெர்ரி என்ற இடத்தில் 1907-ல் ஆரம்பித்த தேசியப் போட்டிகள் நடக்கின்றன. பழைய .38 ரிவால்வர் ஒன்றை எடுத்துக்கொண்டு கிழவரும் அதற்குப் போய்வருவார். 2020-ல் போட்டி ரத்தாகிவிட்டதில் அவருக்கு மனக்குறை. மாப்பிள்ளை அவரிடம் உபதேசம் கேட்கப் போனபோது நானும் உடன் போனேன். அவர் வீட்டு நிலவறையில், மூக்கிலும் வாயிலும் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து அந்த வேலையைப் பார்த்தேன்.

ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொதித்த பிரைமர் என்கிற சிறு மூடி, உள்ளே புகையில்லா வெடிமருந்து, வாயில் செருகிய ஈயக் குண்டு. பிரைமர் வேறொன்றுமில்லை. தீபாவளிக்கு நம் குழந்தைகள் விளையாட்டுத் துப்பாக்கியில் வைத்துச் சுடுகிறார்களே கேப்பு, அதற்கு அண்ணன். துப்பாக்கியின் ஊசி அதைத் தட்டினால் பொறி பறக்கும். பொறி பட்டு மருந்து எரியும். புகை தள்ளிக்கொண்டு குண்டு போகும். மருந்து போயிற்று, குண்டு போயிற்று, பிரைமர் செத்தது. கூடு மட்டும் முழுசாகக் கீழே விழுகிறது. அதை எறிந்துவிட மனசு வராதவன்தான் இந்தத் தொழிலைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். காலி ஹார்லிக்ஸ் பாட்டிலை எறியாத என் மனைவிக்கு இது உடனே புரிந்திருக்கும்.

கிழவர் கூட்டைக் கழுவி மினுக்கினார். நெம்புகோல் வைத்த ஒரு யந்திரத்தில் ஒவ்வொன்றாகச் செருகி அழுத்த, செத்த பிரைமர் கீழே விழுந்தது. உப்பிப் போன கூடும் பழைய அளவுக்கு ஒடுங்கியது. புதுப் பிரைமர் வைத்தார். பிறகு தராசில் மருந்தை நிறுத்தார். நம் பொற்கொல்லரின் தராசெல்லாம் அதன் முன்னால் நிற்க முடியாது. ஒரு பவுண்டை ஏழாயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்குக் கிரெய்ன் என்று பெயர். அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறார். அந்த நேரத்தில் ரேடியோ கூடாது, பேச்சுக் கூடாது. பேச்சில் கவனம் போய் ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்தைக் கொட்டிவிட்டால், துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். மருந்து கொட்டின கூடுகளை விளக்கின் கீழ் வரிசையாக வைத்து ஒவ்வொன்றின் உள்ளேயும் எட்டிப் பார்த்தார். கடைசியில் குண்டைச் செருகி இறுக்கினார். ஒரு மணி நேரத்தில் எழுபது தோட்டா. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கைத்தொழில் எதுவானாலும் செய்யத் தெரிந்தவன் செய்தால் அழகுதான்.

மாப்பிள்ளை தம்முடைய காலிக் கூடுகளை ஒரு பையில் கொண்டுபோயிருந்தார். ஐம்பதோடு வேறு கடைகளில் கிடைத்த சில்லறையையும் சேர்த்துச் சுட்டது. கிழவர் ஒரு காந்தத்தை எடுத்துப் பைக்குள் விட்டார். பாதிக்கு மேல் காந்தத்தில் தொத்திக்கொண்டு வந்தன.

“இவை இரும்பு. மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினாயா? இவற்றை நிரப்ப முடியாது” என்று குப்பைத் தொட்டியில் போட்டார்.

தேடல் கட்சிக்கும் நிரப்பல் கட்சிக்கும் உள்ள பெரிய வேடிக்கை இது. எது மலிவோ அது பெரும்பாலும் இரும்புக் கூடு. அதன் அடியில் இருப்பதும் எளிதில் கழற்ற முடியாத பெர்டன் பிரைமர். நிரப்புவதற்கு ஏற்ற பித்தளைக் கூடு வேண்டுமானால் விலை கொடுத்து நல்ல தோட்டா வாங்கிச் சுட்டாக வேண்டும். பெர்டன் அமெரிக்கர்; பாக்ஸர் ஆங்கிலேயர். 1866-ல் ஆளுக்கொரு பிரைமர் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கா ஆங்கிலேயருடையதை எடுத்துக்கொண்டது; ஐரோப்பா அமெரிக்கருடையதை எடுத்துக்கொண்டது. தலைவிதி அப்படி.

மாப்பிள்ளை ‘பாதி விலை’ என்றாரே, அதையும் கணக்குப் பார்த்துவிடுவோம். நல்ல காலத்தில், அதாவது 2019 விலையில், பிரைமர் ஒன்று 3 சென்ட். ஒரு பவுண்டு மருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு வரும். ஆகவே தோட்டாவுக்கு 2 சென்ட். குண்டு 8 அல்லது 9 சென்ட். கூடு பொறுக்கினது, இனாம். ஆக 14 சென்ட். கடையில் 20. மிச்சம் 6 சென்ட். யந்திரம், அச்சுகள், தராசு, மினுக்குகிற சாமான் எல்லாவற்றுக்கும் சிக்கனமாகப் போனாலும் 400 டாலர் ஆகும். அந்த 400 டாலரை 6 சென்ட், 6 சென்ட்டாக மீட்க வேண்டுமானால் 6,600 தோட்டாவுக்கு மேல் நிரப்ப வேண்டும். மாதம் நூறு சுடுகிறவனுக்கு ஐந்தரை வருஷம். மணிக்கு எழுபது தோட்டா என்றால் உழைப்புக்குக் கூலி மணிக்கு 4 டாலர் 20 சென்ட். அமெரிக்காவில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 7 டாலர் 25 சென்ட்!

“பஞ்ச காலத்தில் தோட்டா 80 சென்ட் ஆயிற்றே, அப்போது லாபம் அதிகம் அல்லவா?” என்று நிரப்பல் கட்சிக்காரர் கேட்பார். காகிதத்தில் அதிகம்தான். ஆனால் பிரைமர் எங்கே? பித்தளையை நீ பொறுக்கலாம். பழைய ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்துக்கொள்ளலாம். பிரைமரை வீட்டில் செய்ய முயலுகிறவன் விரலை இழப்பான். அதைத் தொழிற்சாலைதான் செய்ய வேண்டும். அங்கே பெயர் பெற்ற பிரைமர்கள் நான்கு: ஃபெடரல், சி.சி.ஐ., ரெமிங்டன், வின்செஸ்டர். இவற்றில் முதல் மூன்றும் 2020 கடைசியில் விஸ்டா என்ற ஒரே முதலாளியின் கையில் இருந்தன; 2024 நவம்பரில் மூன்றும் சேர்ந்து ஒரு செக் நாட்டுக் கம்பெனிக்குப் போயின. அந்த முதலாளி தோட்டாவும் செய்கிறவர். தட்டுப்பாடு வந்தால் பிரைமரைத் தன் தோட்டாவுக்குப் போட்டுக்கொண்டு மிச்சம் இருந்தால்தானே உனக்கு விற்பான்? ஆகவே அலமாரியில் தோட்டா இல்லாத அன்றைக்குப் பிரைமரும் இல்லை. 3 சென்ட் பிரைமர் 10, 15 சென்ட்டுக்குப் போயிற்று. அதுவும் கண்ணில் படவில்லை. ‘யார் தயவும் வேண்டாம்’ என்று யந்திரம் வாங்கினவர்கள் அந்த மூடிக்காக மறுபடியும் வரிசையில் போய் நின்றார்கள். நெல்லையும் உரலையும் வாங்கி வைத்துவிட்டு உலக்கைக்கு அலைந்த கதை.

அப்படியானால் நிரப்புகிறவர்கள் எல்லாரும் ஏமாளிகளா? அப்படிச் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக் கிழவர் நியாயமாகவே அதைச் செய்தார். அவருடைய .38 தோட்டா 9 மில்லிமீட்டரைவிட எப்போதும் விலை கூட. தட்டுப்பாட்டுக் காலத்தில் தொழிற்சாலைகள் அதிகம் விலைபோகிற ரகங்களையே ஓட்டியதால், இந்த மாதிரிப் பழைய ரகங்கள் அடியோடு மறைந்துவிட்டன. தவிரவும் அவர் போட்டிக்காரர். தம் ரிவால்வருக்குத் தோதாக, கை அதிராதபடி, மென்மையாக நிரப்பிக்கொள்கிறவர். பிரைமரை நல்ல காலத்தில், தேவைக்குத் தக்கபடி வாங்கி வைத்திருந்தார். நாற்பது வருஷத்தில் ஒரு காசு மிச்சம் பிடித்ததில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார்: “மிச்சமானதற்கெல்லாம் சேர்த்துச் சுட்டுவிட்டேன்.” சங்கீதம் கற்றுக்கொள்கிறவன் மாதிரி அவர் அதைக் கற்றுக்கொண்டார். கச்சேரி டிக்கெட் கிடைக்கவில்லையே என்று மார்கழியில் வீணை வாங்குகிறவனை என்ன சொல்வது?

மாப்பிள்ளை மெல்ல விஷயத்துக்கு வந்தார். அவரிடம் இருக்கும் பிரைமரில் ஆயிரம் விலைக்குத் தர முடியுமா என்று கேட்டார். கிழவர் மாட்டேன் என்றார். போகட்டும், நிரப்பின தோட்டாவாவது? அதுவும் மாட்டேன். ஒருவன் நிரப்பின தோட்டாவை மற்றவன் சுடுவதில்லை என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டமாம். தன் தப்புக்குத் தன் கைதான் போக வேண்டும்.

பிறகு கிழவர் கேட்டார்: “வீட்டில் சின்னப் பெண் இருக்கிறாளே, துப்பாக்கியை எதில் பூட்டி வைத்திருக்கிறாய்?”

மாப்பிள்ளை பேசவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பேத்திக்கு ஆறு வயசு. பிஸ்டல் படுக்கையறை அலமாரியில், மடித்து வைத்த வேஷ்டிகளுக்கு அடியில் இருந்தது. ஆறு மாதம் சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தோட்டாவுக்கு அலைந்த மனிதர் ஒரு பூட்டுக்காக ஒரு மணி நேரம் செலவழிக்கவில்லை. கூட அலைந்த எனக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. கதை எழுதுகிறவன், மனித சுபாவம் தெரிந்தவன் என்று பெயர் வேறு!

கிழவர் உள்ளே போய் ஒரு டப்பா கொண்டுவந்தார். கடையில் வாங்கின 9 மில்லிமீட்டர் தோட்டா, 50. பழைய விலைச் சீட்டு அப்படியே இருந்தது. “இதை விற்க மாட்டேன். முதலில் பூட்டு வாங்கு. வாங்கிவிட்டுச் சனிக்கிழமை என்னோடு சுடுமைதானத்துக்கு வா. இந்த ஐம்பதையும் அங்கேயே சுட்டுவிட வேண்டும். ஒன்றுகூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் முழு விவகாரமும் அடங்கியிருப்பதாக எனக்குப் பட்டது. பதுக்குகிறவனுக்குத் தோட்டா தேவையில்லை. தோட்டா இருக்கிறது என்ற நினைப்புத்தான் தேவை. அவன் வாங்கி அடுக்கின ஆயிரமும் அலமாரியில் தூங்குகிறது. அதனால் புதிதாகத் துப்பாக்கி வாங்கினவனுக்குப் பழகத் தோட்டா இல்லை. கையில் துப்பாக்கி, மனசில் பயம், பயிற்சி மட்டும் இல்லை. இப்படி லட்சக்கணக்கான வீடுகள். ‘பாதுகாப்பு’ என்று சொல்லி அந்த வருஷம் ஊரார் கூடிச் செய்து முடித்த காரியம் இது. 2020-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 45,222 பேர். அதில் 24,292 பேர், பாதிக்கு மேல், தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவருக்கும் ஆயிரம் தோட்டா தேவைப்படவில்லை.

துப்பாக்கி வைத்துக்கொள்வது அமெரிக்கர்களுக்கு உரிமையா, அனர்த்தமா என்ற பெரிய வழக்குக்குள் நான் நுழையவில்லை. அது அவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு. என் வழக்கு சின்னது. தேடிப் போகிறாயா, நிரப்பிக்கொள்கிறாயா என்று கேட்காதே. எத்தனை வேண்டும், எதற்கு வேண்டும் என்று கேள். மாதம் நூறு சுடுகிறவன் நூறு வாங்கட்டும். கைத்தொழிலில் பிரியமுள்ளவன் நிரப்பட்டும். எதற்கும் இருக்கட்டும் என்பவன் அலமாரியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும். மூன்றாம் ஆசாமி போய்விட்டால் முதல் இருவருக்கும் தட்டுப்பாடே இருந்திருக்காது.

மாப்பிள்ளை பூட்டு வாங்கினார். சனிக்கிழமை போய் ஐம்பதையும் சுட்டுவிட்டும் வந்தார். ஆனால் பயம் அவ்வளவு சீக்கிரம் விடுகிற சரக்கு அல்ல. நான் ஊருக்குத் திரும்பிய பிறகு, 2021 ஆகஸ்டில், ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்கு இனிப் புதிய அனுமதி கிடையாது என்று அமெரிக்க அரசாங்கம் சொல்லியது. கொடுத்த அனுமதிகள் செல்லும், சரக்கு வந்துகொண்டுதான் இருக்கும் என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை 800 டாலர் கொடுத்து ஆயிரம் தோட்டா வாங்கிவிட்டார். இரண்டு வருஷத்தில் அதே ஆயிரம் சுமார் 250 டாலருக்கு இறங்கிவிட்டது. அலமாரிகள் பழையபடி நிரம்பி வழிந்தன.

இவ்வளவையும் ஒரு அமெரிக்கப் பைத்தியம் என்று நினைத்துச் சிரிக்கலாம் என்றுதான் நானும் இருந்தேன். 2023 ஜூலை 20-ந் தேதி, பாசுமதி அல்லாத பச்சரிசியை ஏற்றுமதி செய்யக் கூடாதென்று நம் அரசாங்கம் தடை போட்டது. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் இந்தியக் கடைகளை நோக்கி ஓடினார்கள். மூட்டை மூட்டையாகத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். வாசலில் வரிசை, வீட்டுக்கு ஒரு மூட்டைதான் என்று அறிவிப்பு, இரட்டை விலை. புழுங்கலரிசிக்குத் தடையே இல்லை என்று யாரும் படித்துப் பார்க்கவில்லை. புழுங்கலரிசிச் சாதம் சாப்பிடுகிற என் மகளும் பார்க்கவில்லை. மறு வருஷம் செப்டம்பரில் அந்தத் தடையும் நீங்கிவிட்டது.

தடை வந்த வாரம் அவள் டெலிபோனில் பேசினாள். “அரிசிப் பஞ்சம்ப்பா இங்கே! மூணு கடை ஏறி இறங்கிட்டோம்.”

“வீட்டில் எத்தனை மூட்டை இருக்கிறது?” என்றேன்.

கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஏழு” என்றாள். பிறகு, “எதுக்கும் இருக்கட்டும்னு…” என்று இழுத்தாள்.

“எங்கே வைத்திருக்கிறீர்கள்?”

“இடமில்லேப்பா. அவரோட தோட்டா டப்பாவெல்லாம் இருக்கே, அந்த அலமாரிக்குக் கீழேதான்.”

“அந்த ஆயிரம்?”

“அது பிரிக்கவேயில்லை. அப்படியே இருக்கு.”

பாட்டி சொன்ன வார்த்தையைச் சொல்லலாமென்று வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. ‘தீர்ந்து போச்சுன்னு சொல்லு’ என்பதற்கு அங்கே ஒன்றும் தீர்ந்து போயிருக்கவில்லை.